சீப்புப் பிடிக்க நேரமில்லாதவர்களுக்கு

அன்புள்ள அண்ணா,

ரங்கூன் சஞ்சௌங்கில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். மகளின் பிடிவாதத்துக்காக ஒரு பாரசீகப் பூனை வாங்கினோம். ஷ்வேவா என்று பெயர். இப்போது அதன் அக்குளிலும் வயிற்றிலும் முடி கட்டி கட்டியாகச் சடை பிடித்துவிட்டது. வேலைக்கு வரும் பெண் ஞாயிறுதோறும் சீவிவிடுகிறாள். ஆனால் சீப்பைக் கண்டாலே கடிக்கிறது. வெயில் காலம் வருகிறது, மின்சாரமும் பாதி நேரம் இல்லை. மொத்தமாக மழித்துவிடலாமா? தேங்காய் எண்ணெய் தடவிச் சிக்கெடுக்கலாமா? முகத்துக்குப் பூசும் தனகா மரப்பட்டைக் குழம்பைப் பூசினால் உடம்பு குளிருமா? பூனை முடியால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்கிறார் மாமியார். சமாளிக்க முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பொங்கிகளின் (புத்த பிக்குகளின்) மடத்தில் விட்டுவிடலாம், சோறு கிடைக்கும், நமக்கும் புண்ணியம் என்கிறார் கணவர். நீண்ட முடிப் பூனைக்குத் தாய்நாடே பர்மாதான் என்று படித்தேன். பிறகு ஏன் இதற்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது கேள்வியே அல்லாத ஒரு வரி: மடத்தில் விட்டுவிடலாம், நமக்கும் புண்ணியம். உங்கள் கணவர் ஒருவர் மட்டும் சொல்வதாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இந்த ஊரில் பலரும் சொல்வது இதுதான், நம் தமிழர்களும் சேர்த்து. அம்மன் கோயில் வாசலில் விடக் கூச்சம், யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள். மடம் என்றால் விடிவதற்கு முன் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடலாம். கிழட்டு நாய், சினைப் பூனை, கண் திறக்காத குட்டிகள், எல்லாம் அப்படித்தான் அங்கே வந்து சேர்கின்றன. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுதவேண்டும் என்று உறுத்திக்கொண்டிருந்தது. நீங்களாக வந்து அகப்பட்டுக்கொண்டீர்கள்.

சோறு கிடைக்கும் என்பது சரிதான். பொங்கிகள் நண்பகலுக்குள் உண்டு முடித்துவிடவேண்டும், மிஞ்சியது பிராணிகளுக்கு. தெருவில் பிறந்த குட்டைமுடிப் பூனை அந்த மிச்சத்திலேயே கொழுத்து வாழும். இன்லே ஏரியின் ஞாபே மடத்துப் பூனைகள் ஒரு காலத்தில் வளையத்துக்குள் தாவி வித்தையே காட்டின. அவை தம் உடம்பைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஷ்வேவாவால் அது முடியாது. மனிதர்கள் அழகு பார்ப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த முடி அது. அதைப் பராமரிக்கவும் மனிதர் கைதான் வேண்டும். மடம் சோறு போடும். சீப்பை யார் பிடிப்பது?

சென்ற மழைக்காலத்தில் ரங்கூனை அடுத்த சிரியம் பக்கம் ஒரு மடத்துக்கு அன்னதானத்துக்குப் போயிருந்தோம். படிக்கட்டின் அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. நல்ல பருமன். கூட வந்த அம்மாள் ஒருவர், "மடத்துச் சோறு எப்படி ஊட்டம் கொடுத்திருக்கிறது பாருங்கள்" என்று பூரித்துப்போனார். நான் முதுகில் கை வைத்தேன். விரல்கள் உள்ளே போகவில்லை. கழுத்திலிருந்து வால் வரை முடி முழுவதும் தேங்காய்நார்ப் பாயைப் போல ஒரே தகடாக இறுகியிருந்தது. வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினால் கனமே இல்லை. பருமன் எல்லாம் முடி, உள்ளே எலும்பு. பின்னங்கால் ஒன்று வயிற்றுச் சடையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டதால் அதை நீட்ட முடியவில்லை, அதனால்தான் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறது. கழுத்தில் யாரோ ஆசையாக வாங்கிக் கட்டிய இளஞ்சிவப்புப் பட்டை, அதில் ஒரு சிறு மணி. மணிக்குள் முடி அடைத்துக்கொண்டு அதுவும் ஊமையாகியிருந்தது.

பத்து வயதுகூட நிரம்பாத சின்னப் பொங்கி ஒருவன் தன் துண்டால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் மயக்க மருந்து கொடுத்து மின்மழிப்பானால் வழித்தார். தகடு அப்படியே முழுதாகக் கழன்று வந்து மேசைமேல் நின்றது. அதன் அடியில் தோல் புழுங்கிச் சிவந்து, தொடையிடுக்கில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருந்தது. மடத்தில் யாரும் அதைக் கொடுமைப்படுத்தவில்லை. தினமும் சோறு வைத்தார்கள். அன்பாகத் தலையைத் தடவினார்கள். தலையைத் தவிர வேறெங்கும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்களைத் திட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் வேலைக்காரப் பெண் சீவிவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாரசீகப் பூனைக்கு வாரத்துக்கு ஒருமுறை சீவுவது, சீவாததற்குச் சமம். அடியில் மென்மையான பஞ்சுமுடி, மேலே நீளமான முடி என்று அதற்கு இரண்டு அடுக்கு. அடிமுடி உதிர்ந்தாலும் கீழே விழாது. மேல்முடியில் மாட்டிக்கொண்டு, நடக்கும்போது உரசி, ஈரம் பட்டு, இறுகிவிடும். அக்குள், காதின் பின்புறம், தொடையிடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி என்று உரசும் இடங்களில்தான் முதலில் பிடிக்கும். ஆறு நாள் இறுகவிட்டு ஏழாம் நாள் இழுத்தால் வலிக்காதா? ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தச் சடை தோலை இழுக்கிறது, போதாக்குறைக்குச் சீப்பும் வந்து இழுக்கிறது. கடிக்கிறதாம்! நானாக இருந்தால் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு உங்களைக் கடித்திருப்பேன்.

தினமும் ஐந்து நிமிடம் போதும், அதை நீங்களோ மகளோ செய்யவேண்டும். இரும்புச் சீப்பு, பல் அகன்றது ஒன்று, நெருக்கமானது ஒன்று. பூனை விரும்பும் இடத்தில் தொடங்குங்கள், கன்னம், முதுகு. வயிறு கடைசியில். நுனியிலிருந்து வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவேண்டும். சிறு சிக்கு தென்பட்டால் தோலுக்கும் சிக்குக்கும் நடுவே விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சோளமாவு தூவி, விரலாலேயே பிரியுங்கள். வாலை அடிக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், மிச்சம் நாளைக்கு. கத்தரிக்கோலை மட்டும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து கூடாரமாக எழும்பி நிற்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டு மருத்துவரிடம் ஓடிவருகிறவர்கள் நிறைய. சடை இருக்கும்போது குளிப்பாட்டவும் வேண்டாம், தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும்.

நான் இவ்வளவு கத்துவது அழகுக்காக அல்ல. நீண்ட முடிப் பூனை தன் நோயை எல்லாம் முடிக்குள் மறைத்துக்கொள்ளும். மெலிந்தால் தெரியாது. கட்டி வந்தால் தெரியாது. தெள்ளுப்பூச்சி பிடித்தால் தெரியாது. சீப்போடு கையும் போனால்தான் நேற்று இல்லாத விலா எலும்பு இன்று விரலில் தட்டுப்படும். பாரசீக இனத்துக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உண்டு. அது முற்றும்போது வெளியே தெரியும் அறிகுறிகளில் இந்த மெலிவும் ஒன்று. கூலிக்குச் சீவும் பெண் முடியைத்தான் பார்ப்பாள், நேற்றைய எடை அவளுக்கு எப்படித் தெரியும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மா தாய்நாடு என்ற கதையை நம்பாதீர்கள். பிர்மன் என்று நம் ஊர்ப் பெயர் சூட்டிய நீண்ட முடிப் பூனைக்குக் கோயில் கதையெல்லாம் உண்டு, ஆனால் அந்த இனத்தை வளர்த்து 1925ல் அங்கீகரித்தது பிரான்சு. உண்மையில் இங்கிருந்து போனது குட்டைமுடிப் பூனை ஒன்று: 1930ல் ஒரு மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோன வாங் மாவ். உங்கள் பூனைக்கு முகத்தைச் சப்பையாக்கி முடியைப் பெருக்கியதெல்லாம் மேற்கே நடந்த வேலை. சப்பை மூக்கு சூட்டைத் தணிக்க உதவாது. ஆகவே மின்சாரம் போனால் திரையை இழுத்துவிட்டுக் குளியலறையைத் திறந்துவிடுங்கள், குளிர்ந்த தரையில் படுத்துக்கொள்ளட்டும். வாய் திறந்து மூச்சிரைத்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் போகவேண்டும்.

எண்ணெயும் தனகாவும் வேண்டாம். எதைப் பூசினாலும் பூனை நக்கித் தின்றுவிடும். எண்ணெயில் தூசி ஒட்டிச் சடை பெருகும், வயிற்றாலும் போகும். சளிக்கு முடி காரணமல்ல. ஒவ்வாமையைத் தருவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். பிள்ளைக்கு இளைப்பு இருந்தால் பிள்ளையின் டாக்டரிடம் கேளுங்கள், மாமியாரிடம் அல்ல. ஆனால் அவர் சளியை விட்டுவிட்டுப் படர்தாமரையைப் பற்றிக் கவலைப்பட்டால் நானும் அவர் கட்சி. பாரசீகப் பூனைகளுக்கு அந்தப் பூஞ்சை எளிதில் பிடிக்கும், மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைக்கும் தொற்றும். வட்டமாக முடி கொட்டினால் கவனியுங்கள். வெயிலை விட மே மாதக் கடைசியில் தொடங்கும் மழைக்குத்தான் நீங்கள் பயப்படவேண்டும். ஈரக்காற்றில்தான் இதெல்லாம் செழிக்கும்.

மழிப்பதா என்றுதானே கேட்டீர்கள்? அக்குளில் கட்டி கட்டியாக இருப்பதை வீட்டில் பிரிக்க முடியாது. இந்த வாரமே மருத்துவரிடம் கொண்டுபோய் வயிற்றையும் இடுக்குகளையும் மட்டும் வழித்துவிடச் சொல்லுங்கள். முதுகில் சடை இல்லையென்றால் அதை விட்டுவிடலாம், வெயிலிலிருந்து தோலைக் காப்பது அந்த முடிதான். வழித்த மறுநாளே சீப்பை எடுக்காதீர்கள். புண் ஆறட்டும், கையால் தடவிப் பழக்குங்கள். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைச் சிக்கனம் பார்த்துப் பூனைக்கு ஊற்றிவிடாதீர்கள், அதிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். காய்ச்சல் என்று பாராசிட்டமாலும் கூடாது. நக்கி விழுங்கிய முடியை எப்போதாவது உருண்டையாகக் கக்கினால் பதற வேண்டாம். ஓங்கரித்துக்கொண்டே இருந்து ஒன்றும் வெளியே வராவிட்டாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்