வரிசை வேண்டாம், தம்பி

அன்புள்ள அக்கா,

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது கண்டியில் ஒரு கடையில் வேலை. எங்கள் கத்தோலிக்கப் பங்கு இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து, மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் படுத்திருப்பவர்களுக்கு ஞாயிறு பின்னேரம் வேனில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். முன்பெல்லாம் ஒரே தள்ளுமுள்ளு. இப்போது டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்கவைக்கிறோம், ஒழுங்காக நடக்கிறது. என்னை உறுத்துவது வேறு. சிலர் குடித்துவிட்டு வருகிறார்கள். பார்சலை விற்றுக் குடிப்பவரும் உண்டு. அவர்களுக்குக் கொடுப்பது சரியா? கொடுக்கும் முன் ஒரு சின்னச் செபம் சொல்கிறோம். மதம் மாற்றுகிறீர்கள் என்று சிலர் பேசுகிறார்கள். அதை விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்), கண்டி

அன்புள்ள தம்பி,

கடையில் நிற்கிற பிள்ளைக்கு வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள். அதை நீங்கள் இப்படிச் செலவழிக்கிறீர்கள் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. திட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

செபத்தைக் கிளம்புவதற்கு முன் கோவிலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். பசித்தவரை நிற்கவைத்துச் செபம் சொல்ல வேண்டியதில்லை. குடி விஷயம்: மழை ஈரம் காயாத சிமெந்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கிறவருக்கும் பசிக்கும். கொடுங்கள். விற்றால் விற்கட்டும்.

நான் அப்படியே நின்றுபோனது நீங்கள் போகிறபோக்கில், கொஞ்சம் பெருமையோடும் எழுதிய ஒரு வரியில். டோக்கன், வரிசை.

தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை எழுதக் கை எப்படி வந்தது? நாம் பிறந்த வீட்டுக்கே லயன், அதாவது வரிசை, என்றுதான் பெயர். விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசை, கொழுந்து நிறுக்க வரிசை, சம்பளத்துக்கு வரிசை, காய்ச்சலோடு போனால் டிஸ்பென்சரி வாசலிலும் வரிசை. வரிசையின் அந்தப் பக்கம் எப்போதும் ஒருவர் கையில் புத்தகத்தோடு நிற்பார். அவர் நினைத்தால் உங்கள் அம்மாவின் ஒரு நாள் உழைப்பு அரைப்பேர், அரைநாள் சம்பளம், ஆகிவிடும். இப்போது அந்தப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், தம்பி.

போன வாரம் என் அம்மாவின் ஆண்டுப் பூசை. நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையாகப் போனபோது நான் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

1974இல் எனக்கு ஒன்பது வயது. கூப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த அரிசி குறைந்துபோனது. எங்கள் தோட்டத்தில் வேலை வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாகச் சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றோம், பிறகு அதுவும் இல்லை. தோட்டத்துச் சனங்கள் பிச்சைக்கு டவுன்களுக்கு இறங்கிய காலம் அது. கடை வாசல்களிலேயே செத்துப்போனவர்களும் உண்டு. அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இறங்கினாள். ஒரு துணிக்கடை வாசலில் பதினோரு இரவு படுத்தோம்.

அந்த டவுனில் ஒரு கோவில் வளவில் கஞ்சி ஊற்றினார்கள். வரிசை, ஆளுக்கு ஒரு அட்டை. எங்கள் அட்டை அம்மாவின் முந்தானை முடிச்சில் மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. அம்மா அந்தக் கூழையே கையில் ஏந்திக் காட்டினாள். கரண்டி பிடித்தவர், "அட்டை இல்லாதவர்கள் கடைசியில்" என்றார். கடைசியில் போய் நின்றோம். எங்கள் முறை வந்தபோது அவர் கிடாரத்தை வழித்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒழுங்காக நடத்த வேண்டும் என்று நினைத்தவர், உங்களைப் போல.

அதற்குப் பிறகு அம்மா நற்கருணை வாங்கக்கூட வரிசையில் நின்றதில்லை. எல்லோரும் வாங்கித் திரும்பிய பிறகு தனியாக எழுந்து போவாள். முழங்கால் வலி என்று சொல்லிவைத்திருந்தாள். அது முழங்கால் வலி இல்லை என்று எனக்குப் புரிய நாற்பது வயதாகிவிட்டது.

அன்று இரவு பக்கத்தில் வெற்றிலை விற்கிற சிங்களக் கிழவி ஒருத்தி சாயத்தண்ணி கொண்டுவந்தாள். எங்கள் உள்ளங்கைகளில் கொஞ்சம் கொஞ்சம் சீனி வைத்தாள். பிறகு அந்த வாசலிலேயே எங்களோடு உட்கார்ந்து தானும் குடித்தாள். கஞ்சி கிடைக்காத நாளைப் பற்றி அம்மா பேசும்போதெல்லாம் அந்தத் தேத்தண்ணியில்தான் கொண்டுவந்து முடிப்பாள்.

நீங்கள் நிற்பது எந்த ஊரில் என்று யோசியுங்கள். 1697இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், நோயாளிகள் கைவிடப்பட்டார்கள். கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகள், 1692இல் இதே ஊருக்கு வந்து கைதாகிச் சிறையிருந்தவர், குருவாயிருந்த தன் மருமகனோடு அந்த நோயாளிகள் கிடந்த இடங்களைத் தேடிப் போனார். சோறு கொடுத்தார், புண் கழுவினார், செத்தவர்களைப் புதைத்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். உங்கள் கோவிலிலும் அவர் படம் இருக்கும். படத்துக்குப் பூ வைத்துவிட்டு, படுத்திருப்பவரை எழுப்பி வேனுக்கு வரச்சொல்கிறீர்கள்.

வின்சென்ட் டி போல் சபையை உங்களுக்குத் தெரியும், பல பங்குகளில் இருக்கிறது. 1833இல் பாரிசில் அதைத் தொடங்கிய பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது இருபது வயது, ஒரு மாணவர். ஏழையின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதைத்தான் அவரும் நண்பர்களும் தங்கள் வேலையாக வைத்துக்கொண்டார்கள்.

தள்ளுமுள்ளு வருமே என்பீர்கள். ஒரே இடத்தில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்தால் வரத்தான் செய்யும். அடுத்த நேரச் சோறு நிச்சயமில்லாதவர் வேறென்ன செய்வார்? பத்துப் பேர் இருக்கிறீர்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஐந்து பக்கம் நடந்து போங்கள். வேனைத் தூரத்தில் நிறுத்துங்கள். பார்சலைப் படுத்திருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். எல்லோருக்கும் கொடுத்து முடிக்க இரண்டு மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும். போட்டோ எடுக்கிற பிள்ளை இருந்தால் அவன் கையிலும் இரண்டு பார்சலைக் கொடுத்து அனுப்புங்கள்.

அப்புறம், குடித்திருக்கிற அந்த மனிதர். இந்த ஞாயிறு பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் ஒரு சரையில் சீனியும் கொண்டு போங்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். கோப்பை மட்டும் இரண்டாக எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
அக்கா