அம்மோனியம் மட்டும் கொடுத்தால் செல்கள் ஏன் பழுப்பாகின்றன?

கேள்வி: புகையிலைச் செல்களை எம்எஸ் எனும் திரவ ஊட்ட ஊடகத்தில் வளர்க்கிறேன். நைட்ரேட்டை நீக்கி, நைட்ரஜன் முழுவதையும் அம்மோனியம் குளோரைடாகக் கொடுத்தேன். செல்கள் பழுப்பாகின, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் நொதியான நைட்ரேட் ரிடக்டேஸின் செயல்பாடும் ஏறக்குறைய பூஜ்யம். அளவிட்ட முறையில் தவறா?

பதில்: இந்தப் பூஜ்யத்தை மட்டும் வைத்து உங்கள் அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டாம். நைட்ரேட் இருந்தால்தான் செல் அந்த நொதியை நன்றாக உருவாக்கும். அம்மோனியமும் அதிலிருந்து உண்டாகும் குளூட்டமைனும் அதை மேலும் அடக்கிவிடும்.

செல்கள் பழுப்பானது வேறு விஷயம். அம்மோனியத்தை உறிஞ்சும் செல் புரோட்டானை வெளியே தள்ளுவதால் ஊடகம் அமிலமாகிறது. நைட்ரேட்டை உறிஞ்சும்போது நேர்மாறாக பிஎச் ஏறும். 1962இல் முராஷிகேயும் ஸ்கூகும் வகுத்த எம்எஸ் ஊடகத்தில் நைட்ரேட் சுமார் 40, அம்மோனியம் சுமார் 20 மில்லிமோலார். ஒன்று இறக்குவதை மற்றது ஏற்றும். நீங்கள் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டீர்கள். பொட்டாசியம் நைட்ரேட்டோடு பொட்டாசியமும் போயிருக்கும், அதைப் பொட்டாசியம் குளோரைடால் ஈடுகட்டினீர்களா? பலர் இதைக் கவனிப்பதில்லை.

அப்புறம் கார்பன். குளூட்டமைன் சிந்தடேஸ், கோகாட் (குளூட்டமேட் சிந்தேஸ்) ஆகிய இரு நொதிகளும் சேர்ந்து அம்மோனியத்தை அமினோ அமிலமாக்க 2-ஆக்ஸோகுளூட்டரேட் என்ற கார்பன் சேர்மம் தேவை. அது போதாவிட்டால் அம்மோனியம் செல்லுக்குள் தேங்கி நஞ்சாகும். சக்சினேட், சிட்ரேட் போன்ற கரிம அமிலங்களைச் சேர்த்தால் அம்மோனியத்தில் மட்டுமே செல்களை வளர்க்க முடியும். சோயா செல்களில் இது காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சக்சினேட் சேர்த்த குடுவை ஒன்று, பிஎச்சை நிலையாக வைக்கும் எம்ஈஎஸ் பஃபர் மட்டும் சேர்த்த குடுவை ஒன்று வையுங்கள். கார்பனா, பிஎச்சா என்று பிரித்தறிய அது உதவும். தினமும் பிஎச் பாருங்கள்.

குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் செயல்பாடு உயர்ந்தால் உடனே ‘அம்மோனியத்தைச் சேர்க்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். சர்க்கரை தீர்ந்து பட்டினி கிடக்கும் செல்லிலும் அது உயரும். அங்கே அதன் வேலை பெரும்பாலும் குளூட்டமேட்டைச் சிதைப்பதுதான்.

சரி, அளவீட்டையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நைட்ரேட் ரிடக்டேஸ் வேகமாகச் செயலிழக்கும், எனவே செல்களை வடிகட்டியதும் திரவ நைட்ரஜனில் உறையவையுங்கள். நலமாக உள்ள செல்களைக் கழுவி நைட்ரேட் ஊடகத்துக்கு மாற்றினால் சில மணி நேரத்தில் செயல்பாடு தலைகாட்ட வேண்டும். இந்த நொதி வேலை செய்ய மாலிப்டினம் வேண்டும், எனவே இன்னொரு குடுவையில் மாலிப்டேட்டுக்குப் பதில் டங்ஸ்டேட் இடுங்கள். அதில் மட்டும் செயல்பாடு ஏறாவிட்டால் நீங்கள் அளப்பது அந்த நொதியைத்தான்.