ட்ரோலிங் மோட்டாரின் இழுவை குறைகிறது, சார்ஜரோ சீக்கிரமே பச்சை காட்டுகிறது: கோளாறு எங்கே?

உங்கள் கேள்வியின் சாரம் இது: அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஏரிகளில் ஓட்டும் 17 அடி அலுமினியப் படகின் அணியத்தில் (முன்பகுதியில்), 80 பவுண்டு உந்துவிசை கொண்ட 24 வோல்ட் ட்ரோலிங் மோட்டார், அதாவது மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் மின்மோட்டார், இருக்கிறது. பின்பகுதியில் இரண்டு 12 வோல்ட் டீப் சைக்கிள் (பெருமளவு காலியாகும்வரை பயன்படுத்தத்தக்க) ஈய அமில பேட்டரிகளைத் தொடராக இணைத்திருக்கிறீர்கள். காலையில் நன்றாக இழுக்கும் மோட்டார் சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடுகிறது. கரைக்குத் திரும்பி சார்ஜரை இணைத்தால் ஒரு மணி நேரத்திற்குள் பச்சை விளக்கு எரிகிறது. மீன் தேடும் சோனார் கருவிக்கும் அந்த பேட்டரிகளில் ஒன்றிலிருந்தே மின்சாரம் எடுக்கிறீர்கள். பேட்டரிகளை மாற்றுவதா, மோட்டாரைக் கழற்றுவதா என்பது உங்கள் கேள்வி.

இன்னும் எதையும் வாங்க வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். சுமை இல்லாமல் நிற்கும் பேட்டரியில் மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டும் சார்ஜரின் பச்சை விளக்கும் பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சொல்வதில்லை. கெட்டுப்போன பேட்டரியும் ஓய்வில் 12.7 வோல்ட் காட்டக்கூடும். மோட்டார் தண்ணீருக்குள் முழு வேகத்தில் சுழலும்போது எங்கே எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்பதை மட்டுமே நம்ப வேண்டும். டிரெய்லரில் வைத்துச் சுழற்றிப் பார்ப்பதாலும் பயனில்லை. காற்றில் சுழலும் ப்ரொப்பெல்லருக்குச் சுமையே இல்லாததால், நைந்த வயரும் தளர்ந்த பேட்டரியும் அங்கே நல்லவைபோலத் தெரியும்.

எனவே படகைத் துறையில் இறுகக் கட்டி, மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி, முழு வேகத்தில் ஓட விடுங்கள். ஒருவர் மோட்டாரைக் கவனிக்க, மற்றவர் மல்டிமீட்டரையும் நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரையும் வைத்துக்கொள்வது நல்லது. மோதிரம், கைச்சங்கிலி போன்றவற்றை முன்பே கழற்றிவிட வேண்டும். இந்த வகை மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 56 ஆம்பியர் இழுக்கும். முதலில் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக, வயரின் கவ்வியில் அல்லாமல் ஈயத் தூணிலேயே மீட்டரின் முனையை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முழுவதும் சார்ஜ் ஆன நல்ல பேட்டரி இந்தச் சுமையில் 12 வோல்ட்டையொட்டி நின்று மெல்ல மெல்ல இறங்கும். இரண்டில் ஒன்று சில நிமிடங்களிலேயே 11-க்குக் கீழே சரிந்தால், கோளாறு அந்த பேட்டரியில்தான். இரண்டையும் சேர்த்து 24 வோல்ட்டாக மட்டும் அளப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

இரண்டும் உறுதியாக நின்றால், அடுத்து வயரைப் பாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நேர்த்தூணிலும் மறுமுனையை அணியத்தில் உள்ள ப்ளக்கின் நேர்முனையிலும் வைத்தால், வழியில் தொலையும் வோல்ட் நேரடியாகத் தெரியும். எதிர்முனைப் பக்கத்திலும் அவ்வாறே அளக்க வேண்டும். உங்கள் படகில் போவதற்கும் வருவதற்குமாக 36 அடி வயர் இருப்பதாகக் கொள்வோம். 6 கேஜ் செம்பு வயரில் (கேஜ் எண் கூடக்கூட வயர் மெலியும்) 56 ஆம்பியர் ஓடும்போது இரு பக்கமும் சேர்த்து 0.8 வோல்ட் இழப்பது இயல்பு. அதே தூரத்துக்கு 10 கேஜ் வயர் போடப்பட்டிருந்தால் இழப்பு 2 வோல்ட். நூறு வாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் வயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். பழைய படகுகளில் முன்பிருந்த 12 வோல்ட் சிறு மோட்டாருக்காகப் போட்ட மெல்லிய வயரை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய மோட்டாரைப் பொருத்தியிருப்பார்கள் என்பதால், இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறேன். வயர் தடிமனாக இருந்தும் இழப்பு அதிகமென்றால், சர்க்யூட் பிரேக்கரின் இரு முனைகளுக்கு இடையிலும், பேட்டரித் தூணுக்கும் கவ்விக்கும் இடையிலும், இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் குறுவயரிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். எந்த இடத்தில் வோல்ட் தொலைகிறதோ அந்த இடம் தொட்டால் சுடும். அணியத்து ப்ளக் உருகிக் கறுத்திருப்பது அடிக்கடி காணப்படும் ஒன்று.

கிளாம்ப் மீட்டரில் 56-ஐத் தெளிவாகத் தாண்டிய மின்னோட்டம் தெரிந்தால், மோட்டாரை ஏதோ தடுக்கிறது என்று பொருள். மின்னசோட்டாவில் அதற்கு முதல் காரணம் நீர்க்களைதான். மினிட்டோங்கா ஏரியில் 1987-இல் கண்டறியப்பட்ட யூரேசியன் வாட்டர்மில்ஃபாய்ல் இன்று அந்த மாநிலத்தின் பல ஏரிகளில் பரவியிருக்கிறது. ப்ரொப்பெல்லரில் கயிறுபோலச் சுற்றிக்கொள்கிறது. அதைவிடத் தீமையானது ப்ரொப்பெல்லருக்குப் பின்னால், வெளியே தெரியாமல் சுற்றியிருக்கும் தூண்டில் நரம்பு. அது ப்ரொப்பெல்லர் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்துவிட்டால், தண்ணீர் மோட்டாருக்குள் புகுந்துவிடும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கழற்றிய கையோடு, ப்ரொப்பெல்லரைத் தண்டுடன் பிணைக்கும் சிறு உலோகக் குச்சி முறியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி சார்ஜ் ஏறும் சிக்கல். நீங்கள் விவரித்த அறிகுறிகளிலேயே எனக்கு மிகவும் அழுத்தமாகப் படுவது, பச்சை விளக்கு ஒரு மணி நேரத்திற்குள் எரிவதுதான். பாதி காலியான 100 ஆம்பியர்-மணி பேட்டரியை 10 ஆம்பியர் சார்ஜர் நிரப்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே பச்சை காட்டினால் பேட்டரி நிறையவில்லை. அதன் தட்டுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி உள்தடை கூடிவிட்டதால், வோல்ட் விரைவாக ஏறி சார்ஜர் ஏமாந்துபோகிறது. பேட்டரியைக் காலியான நிலையில் வாரக்கணக்கில் விட்டுவைப்பதால் வரும் கேடு இது. இதற்கு நேர்மாறாக, பச்சை விளக்கே வராமல், பேட்டரி சூடேறி, அதன் ஆறு அறைகளில் (செல்களில்) ஒன்று மட்டும் கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால், அந்த அறை குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஆகியிருக்கக்கூடும். சார்ஜர் செருகியிருக்கும் சுவரிணைப்பை உடனே துண்டித்துவிட்டு, அது ஆறும்வரை அருகில் போகாதீர்கள். ஹைட்ரஜன் வாயு தீப்பொறிக்காகவே காத்திருக்கும்.

ஊகத்தை உறுதி செய்ய, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்பலாம். மூடி திறக்கக்கூடிய பேட்டரி என்றால், சார்ஜ் முடித்து ஓர் இரவு ஓய்வு கொடுத்தபின், கண்ணுக்குப் பாதுகாப்பு அணிந்துகொண்டு ஆறு அறைகளையும் அளந்து பாருங்கள். முழு சார்ஜில் அமிலத்தின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.265-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்த பேட்டரியை மீட்க முடியாது. தட்டுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டு சார்ஜ் செய்யுங்கள். மீதியை சார்ஜ் முடிந்தபிறகே நிரப்ப வேண்டும்.

சார்ஜர்மீது ஐயம் இருந்தால் அதைத் தீர்க்கும் வழி எளிது. உங்களுடையது இரண்டு பேட்டரிகளுக்கும் தனித்தனி இணைப்பு தரும் வகையென்றால், அந்த இரண்டு இணைப்புகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் சிவப்பும் கறுப்பும் ஒரே பேட்டரியின் இரு தூண்களுக்குத்தான் போக வேண்டும். கோளாறு பேட்டரியோடு இடம் மாறினால் பேட்டரி கெட்டது. சார்ஜரின் அதே இணைப்பிலேயே நின்றால் கோளாறு சார்ஜரில், அல்லது அந்த வயரில் இருக்கும் ஃபியூஸில். சார்ஜ் ஏறும்போது தூண்களில் அளந்தால் வோல்ட் படிப்படியாக 14.4 அளவுக்கு உயர வேண்டும். 13-ஐயே தாண்டாத இணைப்பில் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

சோனாரை உடனே அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தொடராக இணைத்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் கூடுதலாக மின்சாரம் எடுத்தால், அது மற்றதைவிட முன்னதாகக் காலியாகி, ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆழத்துக்கு இறங்கி, முதலில் சாகும். சோனாரை எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலோ தனியான சிறு பேட்டரியிலோ இணைக்கலாம். உங்கள் இரண்டு பேட்டரிகளில் சோனார் இணைந்திருப்பதே சுமையில் முதலில் சரியும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால், அது ஒன்றுதான் கெட்டதென்றாலும் இரண்டையும் சேர்த்தே, ஒரே வகையில், ஒரே அளவில் மாற்றுங்கள். பழையதோடு புதியதைத் தொடராக இணைத்தால், பழையது முன்னதாகத் தளர்ந்து புதியதின் உழைப்பையும் வீணாக்கும். லித்தியம் பேட்டரிக்கு மாறுவதானால், அதற்குரிய சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள்; உறைநிலைக்குக் கீழே அவற்றை சார்ஜ் செய்யக் கூடாது. ஈய அமில பேட்டரியையே வைத்துக்கொள்வதானால், முழு சார்ஜில் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள். காலியான பேட்டரியின் அமிலம் மின்னசோட்டா குளிரில் உறைந்து உறையையே பிளந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தபின், ப்ளக்கில் 23 வோல்ட்டுக்கு மேல் உறுதியாக நின்றும், ப்ரொப்பெல்லரும் அதன் குச்சியும் நன்றாக இருந்தும், முழு வேகத்தில் மின்னோட்டம் 56-க்கு மிகவும் கீழேயே நின்றால், அப்போதுதான் மோட்டாரின் கார்பன் பிரஷ்களையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் சந்தேகிக்க வேண்டும். அந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரு தாளில் எழுதி, மோட்டாரோடு சேர்த்துப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.