நடக்கப் போகும் காலுக்கு எந்த ஷூ?
வாசகர் கேள்விகளுக்கு நாகர்கோவில் பிசியோதெரபிஸ்ட் பதில்

கேள்வி: எனக்கு வயது 68. ஓய்வுபெற்ற ஆசிரியை. காலையில் பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி நடப்பது வழக்கம். துபாயில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது, அடிப்பாகம் தடித்த, மெத்தென்ற ஷூ வாங்கி வந்தான். நான் எப்போதும் போடும் ஆறாம் நம்பர்தான். ஆனாலும் விரல்கள் நெருங்கி வலிக்கின்றன. திரும்பும்போது கால் தள்ளாடுகிறது. பழைய ரப்பர் செருப்பே தேவலை என்று தோன்றுகிறது. முட்டுவலியும் உண்டு. என்ன செய்யலாம்?
– வாசகி, தக்கலை

பதில்: அம்மா, மகன் ஆசையாக வாங்கித் தந்தது என்பது புரிகிறது. ஆனாலும் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் பலர் இதே குறையைச் சொல்கிறார்கள்.

வயது ஏற ஏற, பாத எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளரும். பாதம் நீளும், அகலும், உள்வளைவும் தாழும். நாற்பது வயதில் சரியாக இருந்த ஆறாம் நம்பர் இப்போது இறுக்குவது இயல்புதான். அடுத்த முறை மகனிடம் நம்பரைச் சொல்லாதீர்கள். பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அனுப்புங்கள்.

தள்ளாட்டத்துக்குக் காரணம் அந்த மெத்தைதான். தரை மேடா, சரிவா என்பதை உள்ளங்கால் உணர்ந்துதான் உடம்பு நிலை கொள்கிறது. தடித்த மிருதுவான சோல் அந்த உணர்வை மங்கச் செய்துவிடும். போட்டதும் சுகமாக இருப்பதை வைத்து ஷூவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதற்காக ரப்பர் செருப்புக்கும் போக வேண்டாம். அது கழன்றுவிடாமல் இருக்க விரல்களை இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். குதிகாலுக்குப் பிடிப்பே இல்லை. அடிப்பாகம் தேய்ந்துவிட்டால் ஈரத்தில் வழுக்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. சுவரோரத்திலும் கல்படியிலும் பாசி எளிதில் காய்வதில்லை. விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்களிடம், காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்று கட்டாயம் கேட்பேன். தேய்ந்த வீட்டுச் செருப்பு என்பார்கள், இல்லையென்றால் ஒன்றும் போடவில்லை என்பார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. நல்ல செருப்பு இருந்திருந்தால் அவர்களில் சிலராவது விழாமல் இருந்திருப்பார்கள்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். அந்த நேரத்தில்தான் கால் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். அதற்கு முன் வீட்டில் பழைய காலண்டர் தாளின் மேல் நின்றுகொண்டு, இரண்டு பாதங்களையும் யாரையாவது வரையச் சொல்லுங்கள். அதை வெட்டி எடுத்துப்போய் ஷூவின் அடியில் வைத்துப் பாருங்கள். தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஷூவைப் போட்டே பார்க்க வேண்டாம். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். குதிகால் பக்கத்தைக் கையால் அமுக்கினால் அது மடங்கக் கூடாது. வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடங்கினாலோ, துணி பிழிவதுபோல் முறுக்க வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குதி உயரம் 2.5 சென்டிமீட்டருக்குள் போதும். குனிந்து லேஸ் கட்ட முடியவில்லை என்றால் ஒட்டும் பட்டி வைத்தது வாங்கலாம்.

முட்டுவலிக்கும் இதே ஷூதான் நல்லது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2021ல் வெளியிட்ட ஆய்வில், முட்டுத் தேய்மானம் உள்ளவர்களை ஆறு மாதம் கவனித்தார்கள். எளிதில் வளையும் தட்டையான ஷூ போட்டவர்களைவிட, உறுதியாகத் தாங்கும் ஷூ போட்டவர்களுக்கு நடக்கும்போது வரும் வலி கூடுதலாகக் குறைந்தது.

கேள்வி: வயது 62. பல வருடமாகச் சுகர். உள்ளங்காலில் மதமதப்பு இருக்கிறது. கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தால் காலுக்கு உணர்ச்சி திரும்பும் என்கிறார்கள். நடக்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: கூடாது ஐயா. சுகரால் போன உணர்ச்சி மணலில் நடந்து திரும்பி வராது. சிப்பி ஓடோ தூண்டில் முள்ளோ ஏறினால்கூட உங்களுக்குத் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் கண்ணில் படும். சுசீந்திரம் போன்ற கோயில்களில் வெளிப் பிரகாரக் கல் மதியம் சுடும். காலையிலோ இருட்டிய பிறகோ போய்க் கும்பிடுங்கள்.

தக்கலை அம்மாவுக்கு மெத்தென்ற சோல் வேண்டாம் என்றேன். உங்களுக்கு அப்படியில்லை. பாதம் படும் இடம் மிருதுவாகவும், தரையைத் தொடும் அடிப்பாகம் உறுதியாகவும் இருக்க வேண்டும். எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று கேட்டு வாங்குங்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவர் குழுவினரும், தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் வராமல் காக்க இந்த ரப்பரைப் பயன்படுத்தினார்கள். பெருவிரல் இடுக்கில் வார் போகும் மாதிரி வேண்டாம். அங்கே உராய்ந்து புண்ணாகும். குதிகாலுக்குப் பின்னால் பட்டி இருப்பதாகப் பாருங்கள்.

போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். அப்புறம், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நைலான் இழையை வைத்துப் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். நொடியில் முடிகிற சோதனை, வலிக்காது.

கேள்வி: மழையில் நனைந்த ஷூவை வெயிலில் காயவைத்தால் சோல் பிரிந்து வருகிறதே?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கடும் வெயிலும் அடுப்புச் சூடும் பசையை இளக்கிவிடும். உள்ளே இருக்கும் அட்டையைத் தனியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஷூவை மேஜை மேல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், மேலே புதிதுபோல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.