கார்ன்ஃப்ளாரும் வேண்டாம், 350 டிகிரியும் வேண்டாம்

கேள்வி: மாசசூசெட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். சம்பந்தி இந்த ஊர்க்காரர்கள். நவம்பரில் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு அவர்களுக்குப் பிடித்த ‘இந்தியன் புட்டிங்’ செய்து தர ஆசை. மக்காச்சோள மாவு, பால், மொலாசஸ் என்ற கரும்புப் பாகு சேர்த்து ஓவனில் வேகவைக்கும் இனிப்பு அது. ஒருமுறை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். பால் திரிந்து தண்ணீர் தனியாக நின்றது. அடியில் மாவு நறநறவென்று இருந்தது. கார்ன்ஃப்ளார் சேர்த்தால் சரியாகும் என்கிறார்கள். வீட்டில் ஒரே ஓவன், வான்கோழியும் அதில்தான். என்ன செய்வது?

பதில்: தப்பு உங்கள் கையில் இல்லை, அந்தச் செய்முறையில் இருக்கிறது. 1796இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் சமையல் புத்தகத்தில் இந்தப் புட்டிங்குக்கு மூன்று செய்முறைகள் உண்டு. ஒன்றுக்கு ஓவனில் இரண்டரை மணி நேரம் கேட்கிறார். இன்று எழுதுகிறவர்கள் ‘ஒரு மணி நேரத்தில் ரெடி’ என்று போட்டால்தான் ஆள் படிப்பார்கள் என்று நினைக்கிறார்கள். நம்பிச் செய்கிறவருக்குப் பாலும் போச்சு, பண்டிகை நாளும் போச்சு.

பால் ஏன் திரிந்தது? வெல்லப் பாயசத்தை அடுப்பில் கொதிக்கவிட்டபடி பால் ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மொலாசஸிலும் அதே புளிப்பு இருக்கிறது. சூடு ஏறினால் பால் பிரிந்துவிடும். அதனால் 300 டிகிரி ஃபாரன்ஹீட், அதற்கு மேல் வேண்டாம்.

கார்ன்ஃப்ளார் பக்கமே போகாதீர்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது மக்காச்சோளத்தின் வெறும் ஸ்டார்ச், வெள்ளை வெளேரென்று இருக்கும். அமெரிக்காவில் அதே பெயரில் மஞ்சளாக, நைசாக அரைத்த மாவைத் தருவார்கள். நம் கடையில் ‘சோள மாவு’ என்று கேட்டால் வெள்ளைச் சோளத்தை அரைத்துத் தருகிறவர்களும் உண்டு. ஒரு பெயருக்கு மூன்று பொருள் இருந்தால் வாங்குகிறவர் என்ன செய்வார்? இதை யாரும் சரிசெய்யப் போவதாகத் தெரியவில்லை. உங்களுக்கு வேண்டியது ‘கார்ன்மீல்’, அதாவது கொரகொரப்பாக அரைத்த மக்காச்சோளம். விரலில் தேய்த்தால் ரவை மாதிரி நெருடும். ‘செல்ஃப் ரைசிங்’ என்று போட்டிருந்தால் பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தது, எடுக்காதீர்கள். மஃபின் மிக்ஸும் அப்படித்தான்.

அப்புறம், ‘பாரம்பரியக் கல்லில் அரைத்தது’ என்று கார்ன்மீலைத் துணிப்பையில் கட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தரகர்கள். நானும் ஒரு சந்தையில் ஏமாந்திருக்கிறேன். பையைப் பிரித்ததும் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. முளைக்கருவோடு அரைத்த மாவில் எண்ணெய் இருக்கிறது, வெளியில் வைத்தால் கெட்டுவிடும். அரைத்த தேதி இல்லாத பையைத் தொடாதீர்கள். ஆலையிலிருந்து நேராக வாங்கினால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் சாதாரணக் கடையின் மஞ்சள் கார்ன்மீலே போதும்.

மொலாசஸில் ‘பிளாக்ஸ்ட்ராப்’ என்கிற மிகக் கறுத்த வகை வேண்டாம், கசக்கும்.

இனி செய்முறை. ஐந்து கப் முழுக்கொழுப்புப் பாலில் ஒரு கப்பைத் தனியே எடுத்து வையுங்கள். மீதி நாலு கப்பை ஆவி வரும் வரை சூடாக்கி, அரை கப் கார்ன்மீலை உப்புமாவுக்கு ரவை தூவுகிற மாதிரி ஒரு கையால் தூவி, மறு கையால் கிளறுங்கள். சிறு தீயில் இருபது நிமிடம். கூழ் பதம் வர வேண்டும். ஒரு துளி எடுத்து முன்பல்லில் கடித்துப் பாருங்கள். நெருடினால் இன்னும் ஐந்து நிமிடம். போன முறை நறநறத்தது இங்கே அவசரப்பட்டதால்தான். இறக்கி, அரை கப் மொலாசஸ், மூன்று மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, அரை தேக்கரண்டி பட்டைப்பொடி, அரை தேக்கரண்டி உப்பு சேருங்கள். முட்டை கட்டாயமில்லை.

வெண்ணெய் தடவிய ஆழமான பீங்கான் பாத்திரத்தில் ஊற்றி ஓவனில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, எடுத்து வைத்த பாலை மேலே மெதுவாக ஊற்றுங்கள். அந்தப் பால் ஃப்ரிட்ஜ் குளிர் போய் இருக்கட்டும். ஊற்றியபின் கிளறவே கூடாது. இன்னும் இரண்டு மணி நேரம். எடுக்கும்போது நடு தளதளவென்று ஆடினால் பயப்படாதீர்கள், ஆற ஆற இறுகும். ஓரத்தில் கொஞ்சம் நீர் கசிவது இதன் இயல்பு.

வான்கோழி விஷயம். புட்டிங்கை முந்தின நாள் புதன்கிழமையே முடித்துவிடுவதுதான் நல்லது. அதற்கு வழியே இல்லை, வான்கோழி 325இல் வேகும்போதே இதுவும் வேக வேண்டும் என்றால், அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் 300ஐத் தாண்டலாம். ஆனால் புட்டிங் பாத்திரத்தைப் பெரிய தட்டில் வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறவரை அதன் சூடு கொதிநிலையைத் தாண்டாது, பால் தப்பிக்கும். மேலே ஃபாயில் மூடுங்கள். வான்கோழித் தட்டுக்குக் கீழ்த்தட்டில் வைத்தால் கொழுப்பு சொட்டலாம், அதனால் ஃபாயில் இறுக்கமாக இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி கூடுதலாகப் பிடிக்கும். கடைசி அரை மணி நேரம் ஃபாயிலை எடுத்தால் மேலே பழுப்பு ஏடு கட்டும். அதற்குள் வான்கோழியை இறக்கியிருக்க வேண்டும்.

முந்தின நாளே செய்திருந்தால், மேலே இரண்டு கரண்டி பால் விட்டு மூடி, 300இல் அரை மணி நேரம் சூடாக்குங்கள். புட்டிங்கை மேசையில் வைக்கும்போதுதான் அதன்மேல் வெனிலா ஐஸ்கிரீம் போட வேண்டும்.