4294967297 பகா எண்ணா? என் நிரல் 'ஆம்' என்கிறதே, ஏன்?

பகா எண் இல்லை. 4294967297 = 641 × 6700417.

நிரல் 'ஆம்' என்றால், அநேகமாக 2-ஐ மட்டும் அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை செய்திருப்பீர்கள். இந்த எண்ணிடம் அது பலிக்காது. இது 2³² + 1. ஆகவே இதால் வகுக்கும்போது 2³²-க்கு மீதி −1 (அதாவது முழுதாக வகுபட 1 குறைகிறது), 2⁶⁴-க்கு மீதி 1. இந்த எண்ணை n என்றால், சோதனை பார்ப்பது 2-இன் (n − 1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்பதை; வந்தால் 'பகா எண்' என்று சொல்லிவிடும். n − 1 = 2³², அது 64-இன் மடங்கு. மீதி 1 வந்தே தீரும். இதே சோதனையின் கண்டிப்பான வடிவமான மில்லர்-ராபினுக்கு மாறினாலும் 2-ஐயே வைத்தால் இதே முடிவுதான். 3-ஐ வையுங்கள், சாயம் வெளுத்துவிடும்.

ஆனால் எண்ணை எந்த மாறியில் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். குறியில்லா 32 பிட்டில் இது வெறும் 1 ஆகிவிடும். 64 பிட்டிலும் ஒரு குழி இருக்கிறது: மீதி n − 1 வரை, அதாவது 2³² வரை வரலாம். அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. மேல் பிட் வெட்டுப்பட்டு 0 மிஞ்சும், பிழைச்செய்தி எதுவும் வராது. பெருக்கலை 128 பிட்டில் செய்யுங்கள், அல்லது பைத்தானில் எழுதுங்கள்.

'கணினி இருக்கும்போது கையால் எதற்கு?' என்று சிலர் சொல்வார்கள். இங்கே தப்பாகச் சொன்னதே கணினிதானே! கையால் போடுவதும் பெரிய வேலை இல்லை. p என்ற பகா எண் இதை வகுத்தால், p-ஐப் பொறுத்து 2³²-க்கு மீதி −1. அதனால் மீதி 1 தரும் 2-இன் முதல் அடுக்கு 64. அது p − 1-ஐ வகுக்கும். ஆக p என்பது 64k + 1 (k ஒரு முழு எண்). இது கணிதமேதை ஆய்லர் காட்டியது. லூக்காஸ் என்ற கணிதவியலர் பிறகு அதை 128k + 1 என்று இறுக்கினார். வரிசையாக எழுதுங்கள்: 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் 257, 641 இரண்டே. 257-க்கு மீதி 2. அடுத்ததே 641, மீதமின்றி வகுபடுகிறது.

பாடநூல்கள் பலவும் '1732-இல் ஆய்லர் 641-ஐக் கண்டுபிடித்தார்' என்ற ஒரே வரியோடு நின்றுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். படிக்கும் பிள்ளை அவர் 3, 5, 7 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளும். அழகே அந்த 64k + 1-இல்தான் இருக்கிறது.

6700417 மேலும் உடையுமா என்று கேட்பீர்கள். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். 257 முன்பே கழிந்துவிட்டது, ஆகவே அதுவரை 128k + 1 வடிவில் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 641, 769, 1153, 1409 நான்கு மட்டும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் 0 இல்லை, எனவே அது பகா எண். ஆக 4294967297-க்குக் காரணிகள், 1-உம் அந்த எண்ணும் சேர்த்து, மொத்தம் 4, அவற்றின் கூட்டுத்தொகை 4301668356.

வகுத்தலை நம்பாதவர்களுக்கு இன்னொரு சான்று: 65536² + 1² = 62264² + 20449² = 4294967297. பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதவே முடியாது.

அடுத்து 2⁶⁴ + 1-ஐச் சோதிப்பதானால் அங்கும் 2-ஐ வைக்காதீர்கள். அதன் மிகச்சிறிய பகாக் காரணி 274177, அதாவது 256 × 1071 + 1.