கொல்கத்தாச் சீனர்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கொல்கத்தாவின் சீனர் பகுதிகளான டிரெட்டா பஜார், டாங்ரா, ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் அமைத்த ஊர்ச் சங்கங்கள், கல்லறை எழுத்து, குடியுரிமை ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். சமையல் குறிப்பு என் துறை அல்ல. ஒரே ஒரு வேண்டுகோள்: 'சீனர்கள் ஏன் இப்படி' என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். எந்த ஊரிலிருந்து வந்த சீனர் என்று பாருங்கள். கொல்கத்தாவில் தொழில், மொழி, கோயில், கல்லறை எல்லாமே அதைப் பொறுத்துத்தான் பிரிந்தன.

ஆம்பூர்: தோல் தொழில் எங்கள் ஊர்த் தொழில். டாங்ராவில் அதைச் சீனர்கள் கையில் எடுத்தது எப்படி?

எல்லாச் சீனர்களும் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் குவாங்டாங் மாகாணத்தின் மெய்சியன் பகுதி ஹக்காக்கள், அதாவது ஹக்கா மொழி பேசும் மக்கள். கான்டனீஸ்காரர்கள் தச்சு வேலைக்குப் போனார்கள். ஹூபே மாகாணத்தார் பல் கட்டினார்கள். நகரத்தின் கிழக்கு விளிம்பில் இருந்த சதுப்பு நிலம் மலிவு. கழிவுநீர் விட இடமும் இருந்தது. மாட்டுத்தோலைத் தொடச் சாதி இந்துக்கள் முன்வராததால் போட்டியும் குறைவு. பெண்டிங்க் தெருவின் செருப்புக் கடைகளும் ஹக்காக்களுடையவை என்பதால் வாங்கும் ஆள் சொந்த மொழியிலேயே கிடைத்தார்.

உங்கள் பக்கத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்த பழைய முறை இருந்தது. டாங்ராவில் குரோம் பதனீடு. உப்புத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் மயிர் நீக்கி, சதை வழித்து, சுண்ணாம்பைப் போக்கி, அமிலமேற்றி, மர டிரம்மில் குரோம் உப்போடு சுழற்றுவார்கள். டிரம்மில் ஏற்றிய ஒரு நாளில் ஈரநீலத் தோல், அதாவது குரோம் ஏறி நீலமான ஈரத்தோல், வந்துவிடும். வேகம்தான் லாபம், அதுவே கேடும்: சுண்ணாம்பு நீரும் குரோம் நீரும் கலந்தே சாக்கடையில் இறங்கின. அவற்றைப் பிரித்து வாங்கினால்தான் குரோமைத் திரும்ப எடுக்க முடியும். வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறையில் அதற்கு இடம் ஏது?

1996 ஆகஸ்டில் பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் கொல்கத்தா ஆலைகளை நகருக்கு வெளியே பந்தலாவுக்கு மாற்ற உத்தரவு வந்தது. டாங்ராவில் கீழே பட்டறை, மேலே குடும்பம். ஆலையை மாற்றினால் வீடும் பிளவுபடும். அதனால் பலர் புது மனை வாங்காமல் உணவகம் திறந்தார்கள், அல்லது டொரொன்டோவில் இருந்த உறவுகளிடம் போனார்கள்.

திருச்சி: டிரெட்டா பஜார் ஞாயிறு காலைச் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் அண்ணா?

ஐந்தரை, ஆறு மணிக்கு. எட்டுக்குப் பிறகு போனால் வெறும் பாத்திரம்தான் இருக்கும். லால்பஜார் காவல் தலைமையகத்திலிருந்து நடை தூரம், சன் யாட் சென் தெரு, போத்தார் கோர்ட் பக்கம். மீன் உருண்டை சூப், பாவ் (ஆவியில் வேகவைத்த பூரண ரொட்டி), பன்றித் தொத்திறைச்சி கிடைக்கும். பன்றி சாப்பிடாதவர் முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஒரே அடுக்குப் பாத்திரத்தில் எல்லாம் வேகும். விற்பவர்களில் பலர் இன்று சீனர் அல்லர். படம் எடுப்பதானால் ஆளைக் கேட்டு எடுங்கள்.

கோலாலம்பூர்: என் மனைவியின் கொள்ளுத்தாத்தா கொல்கத்தாவில் அடக்கமானவர். கல்லறைப் படம் இருக்கிறது. ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எழுத்தை மேலிருந்து கீழாகவும், வரிசைகளை வலமிருந்து இடமாகவும் படியுங்கள். நடுவில் பெரிய எழுத்தில் இறந்தவர் பெயர். குடும்பப்பெயர் முதலில் வரும். கல்லின் தலையிலோ வலப்பக்க வரிசையிலோ சிறிய எழுத்தில் சொந்த மாவட்டம் இருக்கும். இடப்பக்கம் பெரும்பாலும் கல் நட்ட பிள்ளைகள், பேரர்கள்.

ஆண்டு 'மின்குவோ' (சீனக் குடியரசு ஆண்டு) என்று தொடங்கினால் அந்த எண்ணோடு 1911 கூட்டுங்கள்: மின்குவோ 20 என்றால் 1931. 'குவாங்ஷு' (அந்தப் பேரரசரின் ஆட்சி ஆண்டு) என்றால் 1874 கூட்டுங்கள். மாதம் சந்திர மாதம் என்பதால் பன்னிரண்டாம் மாதத்துச் சாவு நம் கணக்கில் அடுத்த ஆண்டு சனவரியில் விழலாம். இதை மறந்தவர்கள் இறப்புப் பதிவைத் தவறான ஆண்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு பிழை பெண்கள் கல்லறையில் நேர்கிறது. அங்கே கணவர் குடும்பப்பெயருக்குப் பின் அவர் பிறந்த வீட்டுப் பெயர் வரும். அதை அவருடைய சொந்தப் பெயர் என்று எழுதிக்கொண்டால் தேடல் முழுவதும் திசை மாறும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். உங்கள் ஊரில் ஹொக்கியன்காரர் 'தான்' என்பதும், கான்டனீஸ்காரர் 'சான்' என்பதும், ஹக்கா 'சின்' என்பதும், மாண்டரினில் 'சென்' என்பதும் ஒரே எழுத்துதான். எழுத்தைப் பாருங்கள், ஒலியைப் பிறகு பாருங்கள். மாவட்டம் தெரிந்ததும் அந்த ஊர்ச் சங்கத்தை அணுகுங்கள். சங்கத்தின் பெயரே ஊரைச் சொல்லும்: சீ இப் என்றால் 'நான்கு மாவட்டம்'. நாம் சூன் என்றால் நான்ஹாய், ஷுன்தே மாவட்டங்கள். ஊர் தெரியாமல் சங்கத்துக்குப் போனால் அவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

சேலம்: கோபி மஞ்சூரியன் சீனாவில் எந்த ஊர் உணவு?

எந்த ஊருமில்லை. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1970களில் மும்பையில் செய்த சிக்கன் மஞ்சூரியனிலிருந்து கிளைத்தது என்பார்கள்.

மதுரை: 1962இல் சிறைப்பட்டவர்கள் சீனக் குடிமக்கள்தானே? போர்க்காலத்தில் எந்த நாடும் செய்வதுதானே?

எல்லோரும் அல்லர். இந்தக் கேள்விக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்வேன். 1950 சனவரி 26 முதல் 1987 ஜூன் வரை இந்தியாவில் பிறந்த குழந்தை, விதிவிலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1962இல் வந்த சட்டம், பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் எதிரி நாட்டுக் குடியாக இருந்திருந்தாலே போதும் என்று, அந்த நபரை வெளிநாட்டவர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் வந்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். அதிகம் பேர் அசாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கத்தவர். கொல்கத்தாவில் தங்கியவர்களுக்குப் பதிவு செய்த இடத்தை விட்டு ஒரு நாளுக்கு மேல் வெளியே இருக்கக் காவல்துறை அனுமதி தேவைப்பட்டது. வெளியூர்ச் சந்தைக்குப் போகாமல் தோல் வியாபாரம் எப்படி நடக்கும்?

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1963இல் சீனா அனுப்பிய கப்பல்கள் தேவ்லியிலிருந்து வந்தவர்களை ஏற்றிக்கொண்டது சென்னைத் துறைமுகத்தில். சீனாவையே பார்த்திராத பிள்ளைகளும் ஏறினார்கள்.

நெல்லை: ஆச்சியூ என்ற சீனர் வங்காளத்தில் சர்க்கரை ஆலை வைத்ததால்தான் 'சீனி' என்ற பெயர் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

சரியல்ல என்பதால் விட்டேன். ஆச்சியூ உண்மை. 1770களின் கடைசியில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கிக் கரும்பு நட்டார். கொல்கத்தாவுக்குத் தெற்கே பஜ்பஜ் அருகே அச்சிப்பூரில் அவருடைய சிவப்புக் கல்லறை ஆற்றைப் பார்த்து இருக்கிறது. ஆனால் சொல் அவருக்கு மூத்தது.

நெல்லை: ஆதாரம்? எங்கள் ஊரில் வெள்ளைச் சர்க்கரைக்கு மட்டும்தான் சீனி என்போம். வெல்லத்துக்குச் சொல்ல மாட்டோம்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வங்க நூலான சைதன்ய சரிதாமிர்தத்தில், அவலை ஊறவைத்துத் தயிர், சீனி, வாழைப்பழம் கலந்து பிசையும் விருந்து வருகிறது. ஆச்சியூ வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன். உங்கள் இரண்டாவது குறிப்பு நல்ல குறிப்பு: பழுப்பு வேறு, வெள்ளை வேறு என்று பிரிக்கத்தான் அந்தச் சொல் தேவைப்பட்டது. சீனப் பொருள், சீனமுறைப் பொருள் என்ற பொருளில் அது ஒட்டிக்கொண்டது என்பது பொருந்துகிறது.

தஞ்சை: கரும்பு நம்முடையது. சீனன் நமக்குச் சர்க்கரை சொல்லித்தந்தான் என்பதை ஏற்க முடியாது.

இரண்டு பக்கமும் போயிருக்கிறது. தாங் பேரரசர் தாய்சோங் 647இல் சர்க்கரை காய்ச்சக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார். கற்றவர்கள் பின்னால் வெண்மையாக்கும் முறையை வளர்த்தார்கள். இதில் யாருக்கும் இழுக்கு இல்லை.

நெல்லை: அப்படியானால் சீனச்சட்டி, பீங்கான்?

சீனச்சட்டி சரி, பெயரிலேயே இருக்கிறது. பீங்கான் பாரசீகக் கிண்ணத்தின் பெயர், சீனச் சொல் அல்ல. சீனி இத்தோடு போதும். கல்லறைப் படங்கள் அனுப்பியவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: ஹக்கா நூடுல்ஸ் எப்படி இருந்தால் அசல்?

ஹக்கா என்பது ஒரு மக்களின் பெயர். மேலே படியுங்கள்.

சென்னை: நம் ஊர்ச் சீனப் பல் மருத்துவர்களும் ஹக்காவா?

இல்லை. ஹூபே மாகாணத்துத் தியான்மன் பக்கத்தவர். எந்த ஊர்ச் சீனர் என்று சரியாகக் கேட்டீர்கள்.

கடலூர்: கொல்கத்தாச் சீனக் கோயிலை ஏன் 'சர்ச்' என்று எழுதியிருக்கிறார்கள்? உள்ளே படம் எடுக்கலாமா?

ஆங்கிலேயர் காலத்தில் வழிபாட்டிடம் என்ற பொருளில் ஒட்டிய பெயர். உள்ளே இருப்பவை குவான் யின் (கருணைத் தெய்வம்), குவான் தி (போர்த் தெய்வம்). வாசலில் உள்ளவரைக் கேளுங்கள். மூதாதையர் பெயர்ப் பலகைகளை அனுமதித்தாலும் படம் எடுக்க வேண்டாம். அவை அந்தக் குடும்பங்களின் இறந்தவர்கள்.